கிளாம்புக்கு அடியில்

டெல்டாவில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல், வாய்க்கால், மறுபடி வயல். வண்டிக்கு மூச்சு வாங்கும் இடமென்றால் ரயில்வே மேம்பாலங்கள்தான். தஞ்சாவூருக்குக் கொஞ்சம் முன்னால், அப்படி ஒரு மேம்பாலத்தில்தான் ஜாபிரின் கார் அவன் மானத்தை வாங்கியது. ஆக்சிலரேட்டரை அடிவரைக்கும் மிதித்தான். பானெட்டுக்குள் உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்ததே தவிர வண்டி ஏறவில்லை. பின்னால் வைக்கோல் ஏற்றி வந்த லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி ஏதோ திட்டிவிட்டு முந்திக்கொண்டு போனான். வைக்கோல் லாரி! டர்போ வைத்த காரை வைக்கோல் லாரி முந்துகிறது.

பின்சீட்டில் மீரா உசேன் உட்கார்ந்திருந்தார். திருச்சியில் குவைத் விமானம் ஏற வேண்டியவர். நல்ல மனிதர், முதலில் "பாத்துப் போங்க தம்பி" என்றார், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் வாயில் வந்ததெல்லாம் பேசினார். பெட்டியை இறக்கி, போகிற வண்டியைக் கை காட்டி நிறுத்தி ஏறிப்போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் விமானம் கிளம்பிவிட்டது.

ஜாபிரின் ஊரான கூத்தாநல்லூரில் இது சின்ன விஷயம் இல்லை. வீட்டுக்கு ஒரு சபராளி இருக்கிற ஊர் அது. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். கார் வைத்திருப்பவனுக்குப் பிழைப்பே அவர்களை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும்தான். ஒருத்தரை விமானத்துக்குக் கோட்டைவிட்டால் சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு உன்னை யார் கூப்பிடுவார்கள்?

ஜாபிரும் சமீபம் வரை சபராளிதான். ரியாத்தில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினான். வாலிபம் முழுக்க அங்கேதான் போயிற்று. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. மனைவி ஹலீமாவின் சமையலை அந்த இரண்டு மாதத்தில் தின்று தீர்த்துவிட்டு, மகள் ஆஷிகா தூங்கும்போதே கிளம்பிப் போய்விடுவான். இந்த முறை வந்தவன், இனி போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டான். கையில் இருந்ததைப் போட்டு இந்தக் காரை வாங்கினான். கார் ஓடினால் ஊரில் இருக்கலாம். ஓடாவிட்டால் ரியாத்துக்கே திரும்ப வேண்டியதுதான். திரும்பிப் போவதற்கான ரீ-என்ட்ரி விசா இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, வருகிறாயா இல்லையா என்று அங்கிருந்து மேனேஜர் வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் கார் குதிரையாகத்தான் ஓடியது. சம்பா அறுப்பு முடிந்ததும் ஒரு சிக்கல் வந்தது. வயலில் கதிர் போய்விட்டால் எலிகள் ஊருக்குள் வரும். வந்தவை சூடான இன்ஜினுக்குள் படுத்துக்கொண்டு, கையோடு ரப்பர் ஹோஸையும் ருசி பார்க்கும். அறுப்புக்குப் பிறகு கார் சிணுங்கினால் டெல்டாவில் யாரும் மெக்கானிக்கிடம் போவதில்லை, எலிப்பொறி வாங்கத்தான் போவார்கள். ஜாபிரின் காரிலும் மேலாகத் தெரிகிற ஒரு ஹோஸை எலி கடித்திருந்தது. அதை அவனே மாற்றினான். மாற்றியதோடு விட்டானா? ஹலீமாவையும் ஆஷிகாவையும் வாசலுக்குக் கூப்பிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வகுப்பே எடுத்தான்.

சில வாரம் கழித்து மறுபடி அந்த உஸ் சத்தம். மறுபடி எலி என்றுதான் ஜாபிர் நினைத்தான். நாப்தலின் உருண்டை போட்டான், புகையிலையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டான். கண்ணுக்குத் தெரிந்த ஹோஸையெல்லாம் தடவிப் பார்த்தான். ஒன்றிலும் கடி இல்லை. தானே கண்டுபிடித்துவிடலாம் என்ற வீம்பு வேறு. அந்த வீம்புதான் அவனை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

மேம்பாலத்திலிருந்து வண்டியை உருட்டாத குறையாக நீடாமங்கலத்துக்குத் திருப்பினான். அங்கே ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கலியபெருமாளின் ஒர்க்‌ஷாப். கலியபெருமாளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கிண்டல் உண்டு.

"என்ன பாய், சீறிக்கிட்டு வருது? பாம்பு எதும் ஏறிக்கிச்சா?"

"எலிதாண்ணே. எங்க கடிச்சிருக்குன்னுதான் தெரியல."

கலியபெருமாள் இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்தார். ஓட்டம் சீராகத்தான் இருந்தது. ஹோஸ்களின் மேல் கிளீனர் ஸ்பிரேயை அடித்துப் பார்த்தார். ஓட்டையிருந்தால் அந்த இடத்தில் இன்ஜின் அதை உறிஞ்சி ஓட்டத்தை மாற்றிக் காட்டும். ஒன்றும் காட்டவில்லை.

"நிக்கிறப்ப மூடிக்கிது, மிதிக்கிறப்ப தொறக்குது. வண்டி சும்மா நிக்கையில இன்ஜின் காத்த உள்ள இழுக்கும். மிதிச்சீங்கன்னா டர்போ காத்த வெளிய தள்ளும். ஓட்டை தள்ளுறப்பதான் வாயத் தொறக்குது. நாமளும் உள்ளேர்ந்து தள்ளிப் பாப்போம்."

அவரிடம் ஒரு பெயின்ட் டப்பா இருந்தது. அதற்குள் எண்ணெய், எண்ணெயைச் சுட வைக்க டீசல் இன்ஜினின் ஹீட்டர் பிளக். அதில் கிளம்பும் வெள்ளைப் புகையைக் காற்றுப் பம்பால் இன்ஜினின் மூச்சுக்குழாய்க்குள் தள்ளினார். மற்ற வாய்களையெல்லாம் துணி வைத்து அடைத்திருந்தார். இரண்டு பேரும் பானெட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்ஜினுக்குப் பின்பக்கம், கை நுழையவே சிரமப்படுகிற ஓர் இடுக்கிலிருந்து நூலாகப் புகை எழும்பியது. ஜாபிருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிழைத்தோம் என்று நினைத்தான்.

இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பு வளையத்தைத் தளர்த்தி ஹோஸைக் கழற்றிய கலியபெருமாள், அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கிண்டல் காணாமல் போயிருந்தது.

"பாய், எலி கடிச்சா பல்லு பட்ட தடம் இருக்கும், ரப்பர் தூளு கெடக்கும். இது பிளேடு. கிளாம்புக்கு அடியில ஆரம்பிச்சு நேரா ஒரு கோடு. கிளாம்பக் கழட்டி, ஹோஸ அறுத்து, திரும்பப் பழையபடி மாட்டி, ஸ்குரு டிரைவரால முடுக்கியும் விட்டுருக்காங்க."

ஜாபிர் ஹோஸை வாங்கி அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினான்.

"வண்டிய ராத்திரி எங்க விடுறீங்க?" என்று கலியபெருமாள் கேட்டார்.

"வீட்டுலதான். கேட்டுக்குள்ள."

புது ஹோஸ் போட்டு, மற்ற கிளாம்புகளையும் சரிபார்த்து, மறுபடி புகை விட்டுப் பார்த்தார்கள். எங்கேயும் கசியவில்லை. திரும்பும் வழியில் கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. ஜாபிருக்கு அதில் மனம் செல்லவில்லை. யார், யார் என்று உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. கேட்டைத் திறந்து உரிமையாக உள்ளே வருகிற ஆள் ஒருத்தன்தான் இருந்தான்: சமீர், ஹலீமாவின் தம்பி. ஊரில் இரண்டு கார் வைத்து ஏர்போர்ட் சவாரி ஓட்டுகிறவன். நான் அவன் பிழைப்பில் பங்குக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான், தூக்கி வளர்த்த பயல் முதுகில் குத்திவிட்டான் என்று கூத்தாநல்லூர் வரும்வரை பொருமிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அறுந்த ஹோஸைச் சாப்பாட்டு மேஜையில் வீசினான். ஹலீமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி செஞ்ச காரியத்தப் பாரு. எலியாம் எலி! சோறு போட்ட வீட்டுலயே கைய வச்சிருக்கான். இப்பவே பள்ளிவாசல் வாசல்ல வச்சு நாலு பேரு முன்னாடி நாக்கப் புடுங்குற மாதிரி கேக்குறேன்." போனை எடுத்து சமீரின் எண்ணைத் தேடினான்.

"போனை வைங்க," என்றாள் ஹலீமா.

"நீ பேசாத."

"அவன் இல்லைங்க. நான்தான்."

ஜாபிருக்கு முதலில் புரியவில்லை. தம்பியைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தான். "உனக்கு என்னடி தெரியும் அதப்பத்தி?"

"நீங்கதானே காட்டுனீங்க. எலி வெளியில தெரியிற எடத்தத்தான் கடிக்கும், கிளாம்புக்கு அடியில ஒண்ணும் ஆகாது, அங்க ஆச்சுன்னா யாராலயும் கண்டுபுடிக்க முடியாதுன்னு. நீங்க விடியக்கால சுபுஹு தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தப்ப செஞ்சேன். உங்க சவர பிளேடுதான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ரோட்டுல ஓடுற வண்டி அது. ஆளு செத்திருந்தா?"

"காத்து போனா வண்டி இழுக்காது, அவ்வளவுதான், பிரேக்குக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொன்னீங்க. அதக் கேட்டதுக்கு அப்புறம்தான் தொட்டேன்."

"ஏன்?" என்றான். "நான் திரும்பிப் போகணும்னா?"

ஹலீமா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க அங்க இருந்தப்ப சாப்பிட்டியான்னு கேப்பீங்க. இங்க வந்ததுலேர்ந்து எங்க போனேன்னுதான் கேக்குறீங்க. வெயில்ல அலைய வேணாம்னு ஸ்கூட்டி சாவிய வாங்கி உங்க சாவிக்கொத்துல மாட்டிக்கிட்டீங்க. மில்லுல நெல்லு போட, பேங்குக்கு, ஸ்கூலுக்குன்னு எல்லாத்துக்கும் நான்தாங்க போயிட்டிருந்தேன். இப்ப கறிவேப்பில வாங்கணும்னாலும் உங்க வண்டி சும்மா இருக்கணும். புள்ளைக்கு டியூசன் நின்னு போச்சு. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சா என்ன சிரிப்புன்னு உள்ளேர்ந்து சத்தம் வருது. கெட்டவருன்னு சொல்லலங்க. எங்களுக்கு மூச்சு விட முடியல."

"வாங்க வாங்கன்னு வருசம் பூராக் கூப்பிட்டது நீதானடி?"

"கூப்பிட்டேன். வருவீங்கள்ல லீவுக்கு, அந்த மாதிரின்னு நெனச்சுக் கூப்பிட்டேன்."

ஜாபிர் நாற்காலியில் உட்கார்ந்தான். தெருவில் போகிற எவனாவது அறுத்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். சமீர் என்றால் காலம் முழுக்கப் பேசாமல் இருந்திருப்பான். இவளை என்ன செய்வது? ரியாத்தில் இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, இந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னலையும் போனில் இவள் குரலில் கேட்டுக் கேட்டுத்தானே கட்டினான்! அங்கே அவனைத் தூங்க வைத்த வார்த்தைகள் எல்லாம் பொய்யா என்று நினைத்தான். பொய்யாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. அத்தனையும் அவன் தூரத்தில் இருக்கும்வரை நிஜமாக இருந்திருக்கிறது. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. இவள் ஏமாற்றினாள், சரி. ஆஷிகா இருக்கிறாள். பத்தாவது படிக்கும் அந்தப் பிள்ளைக்காகத்தான் அவன் விமானத்தில் ஏறினான். அவள் பிறந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாமே போன் திரையில் பார்த்தது. மிச்சத்தையாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றுதான் வந்தான்.

"புள்ளைக்குத் தெரிஞ்சா உன்னக் காறித் துப்பும்," என்றான்.

ஹலீமா அவனுக்குப் பின்னால் பார்த்தாள். ஜாபிர் திரும்பினான். ஆஷிகா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ.

"அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க அத்தா," என்றாள். "நான்தான் போன்ல டார்ச் அடிச்சேன்."

அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் தேவலை என்று காத்திருந்தான், வரவில்லை. அந்த இடுக்கில் ஒரு கையை விட்டு ஹோஸை இழுத்துப் பிடித்து, இன்னொரு கையால் அறுக்க வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் விலகினாலும் விரல் போய்விடும். விலகாமல் பிடித்திருக்கிறாள்.

சாவிக்கொத்தை எடுத்து ஸ்கூட்டி சாவியைக் கழற்ற முயன்றான். நகம் வழுக்கியது, வளையம் விரியவில்லை. அப்படியே கொத்தோடு, கார் சாவியும் சேர்த்து, மேஜையில் அறுந்த ஹோஸுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நீ சொல்லும்மா," என்றான். "அத்தா போகணுமா?"

ஆஷிகா தரையைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் எல்லாவற்றையும் மறந்திருப்பான். அதற்காகத்தான் கேட்டான். அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு, கண் கலங்க, உண்மையான பாசத்தோடு கேட்டாள்:

"தினமும் போன் பண்ணுவீங்கல்ல அத்தா?"