கண்ணாடிக்காரருக்கு ஜாமீன்

கண்ணாடிக்காரர் கடையில் எந்நேரமும் முப்பது பேருக்குக் குறையாமல் நிற்பார்கள். அத்தனை பேரும் சுவர்க் கண்ணாடிகளில் தெரிகிற அவரேதான். மனைவி போன பிறகு, அவர் தும்மினால் முப்பது பேரும் தும்முவார்கள். என்னாச்சு என்று கேட்க ஒருவர் கிடையாது.

கண்ணாடி வெட்டும் எந்திரம் வாங்கக் கடன் கேட்டுப் போனபோது வங்கியில் ஜாமீனுக்கு ஆள் கேட்டார்கள். மச்சானிடம் போய் நின்றார். மச்சானுக்கு அந்த நிமிடமே வலது கை சுளுக்கிக்கொண்டது. சாப்பிடும்போது மட்டும் விட்டுவிடுகிற அபூர்வமான சுளுக்கு, இன்றுவரை குணமாகவில்லை.

கடைசியில், அரசாங்கம் உத்தரவாதம் தருகிற சிறுதொழில் கடன் ஒன்று இருப்பதாக வங்கியில் சொன்னார்கள். ஜாமீனுக்கு ஆள் வேண்டாம், கட்டணம் போதும். பரிசீலனைக் கட்டணம் ஒருமுறை, உத்தரவாதக் கட்டணம் வருடா வருடம். முதல் பிடித்தத்திலேயே எந்திரத்தை வைக்க மேசை வாங்கவிருந்த காசு போய்விட்டது. எந்திரத்தைத் தரையில் போட்டுக் குனிந்தே வெட்டினார். முதுகுதான் வளைந்தது, மனசு நிமிர்ந்துவிட்டது. மச்சான் கைவிட்ட இடத்தில் அரசாங்கமே வந்து நிற்கிறதே.

ஆனால் அந்தக் கட்டணம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. ஊரில் யார் விலகிப்போனாலும் முதலில் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வார்கள். அந்த மாதத் தவணையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனவர், பழைய கட்டணத்தையே பிடித்துக்கொள்ளும்படி கேட்டார்.

கடன் பிரிவு அதிகாரியம்மாவிடம் இப்படி ஒரு கோரிக்கை வந்ததே இல்லை. பாக்கி குறையக் குறையக் கட்டணமும் குறையும், கடன் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார்.

"அப்புறம் எனக்கு ஜாமீன் யாரும்மா?"

"உங்களுக்கு எப்பவுமே யாரும் இல்லீங்க ஐயா. அந்த உத்தரவாதம் எங்களுக்கு. நீங்க கட்டலைன்னா அரசாங்கம் எங்க நஷ்டத்துல ஒரு பங்கு தரும். அப்பவும் நீங்க கடன்காரர்தான்."

"காசு மட்டும் என்னுது?"

"ஆமாங்க."

அவர் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கட்டலைன்னா என்ன செய்வீங்க?"

"போன் பண்ணுவோம். மூணு தவணை விட்டுப்போச்சுன்னா நேர்ல வருவோம்."

"யாரு வருவாங்க?"

"நான்தான் வருவேன்."

"வந்தா உக்காந்து பேசுவீங்களா?"

"பேசித்தானே ஐயா ஆகணும்."

சட்டைப் பையிலிருந்த பணத்தை எடுக்காமலே அவர் வெளியே வந்தார். போகிற வழியில் மரச்சாமான் கடையில் ஏறி, வருகிறவர்கள் நெடுநேரம் உட்கார வசதியாக ஒரு நாற்காலி என்ன விலை என்று விசாரித்தார்.