எந்தக் கை

"ஒரு கையில மூட்டை இருக்கு. இன்னொரு கைதான் காலி. எங்க ரெண்டு பேர்ல யார் கையப் பிடிப்பே?"

பெரியவள் இப்படிக் கேட்டபோது அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் எரிச்சல். காலையிலிருந்து சலவைக்கூடத்தில் விடுதிக்காரர்களின் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துத் தோள்பட்டை வேறு கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. கேள்வி வந்த வேகத்திலேயே பதிலும் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"சின்னவளத்தான். இதென்ன கேள்வி? நீ எப்படியும் சமாளிச்சுடுவே."

பெரியவள் தலையாட்டினாள். விரல் வைத்துப் பிடித்திருந்த நாவலை மூடினாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவள், சாப்பிட்ட கையோடு திரும்பவும் உள்ளேயே போய்விட்டாள். அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாராட்டித்தானே சொன்னோம்? தன்னைப் பெற்றவள் தன்னைப் பார்த்து ஒருநாளாவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பாளே.

அந்த நாவல் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. பெரியவள் வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதியது. போர்க்காலம். விடிவதற்குள் சிப்பாய்கள் கதவைத் தட்டுகிறார்கள். குடும்பம் குடும்பமாகச் சரக்கு ரயிலில் அடைத்து, எங்கோ ஒரு குளிர் தேசத்துக்கு அனுப்புகிறார்கள். நடுவழியில் ஒரு பெரிய நிலையத்தில் எல்லோரையும் இறக்கி, இரண்டு ரயில்களில் தள்ளுகிறார்கள். அங்கேதான் அந்தத் தாய் ஒரு கையில் மூட்டையும் மறு கையில் சின்ன மகனுமாக ஏறிவிடுகிறாள். மகள் கூட்டத்தோடு கூட்டமாக அடுத்த ரயிலுக்குப் போய்விடுகிறாள். இதுவரைக்கும் பெரியவளே தினமும் அடுப்படியில் நின்று தொடர்கதைபோல் சொல்லிவந்தாள். வகுப்பில் இதைப் பற்றிக் கலந்து பேசப்போகிறார்களாம். வீட்டிலும் பேசிவிட்டு வரும்படி டீச்சர் சொன்னாராம். அந்தக் கேள்விக்கு அப்புறம் கதை நின்றுபோயிற்று.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று அம்மா மறுநாள் தானாகவே கேட்டாள்.

"படிச்சுப் பாரு."

சலவைக்கூடத்தில் விரிப்பு இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும். இரண்டு பேர் இரண்டிரண்டு முனைகளைப் பிடித்துப் பின்னால் போய், ஓர் உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் முகமும் முகமும் கிட்டே வரும்போதுதான் பேச முடியும். அதுவும் ஒரு வாக்கியம். அம்மாவுக்கு எதிர்முனையில் நிற்கிறவள் வயதில் மூத்தவள், பிறர் வீட்டு விஷயம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு.

"மனசு உடைஞ்சிருக்கும் புள்ளைக்கு" என்றாள் எதிர்முனை அக்கா, அம்மா நடந்ததைச் சொன்னதும்.

அடுத்த விரிப்பில் அம்மா சொன்னாள், "உள்ளதத்தானே சொன்னேன்?"

"உள்ளத யாரு கேட்டா?"

"அப்போ பெரியவளத்தான்னு சொல்லியிருக்கணுமா?"

"அது எப்படி? சின்னது தொலைஞ்சு போகாதா?"

"அக்கா, நீங்க எந்தப் பக்கம் பேசறீங்க?"

அக்கா அடுத்த விரிப்பு வரும்வரை யோசித்துப் பார்த்தாள். "எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. என்னப் போயி கேக்கறியே!"

பெரியவளிடம் சொல்லாமல் அந்த நாவலை ஒரு தலையணை உறைக்குள் சுருட்டி எடுத்துவந்திருந்தாள் அம்மா. சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தாள். நடுவில் இருந்த பசியையும் பனியையும் படிக்கத் தெம்பில்லாமல் கடைசிக்குத் தாவினாள். அந்தப் பெண் பிழைத்துக்கொள்கிறாள். பல வருஷம் கழித்துத் தாய் அவளைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. தேநீர் போட்டு, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கைகளாலும் நீட்டுகிறாள். தாய் வாங்கிக் குடிக்கிறாள். அவ்வளவுதான். இன்னும் ஏதாவது இருக்குமென்று அம்மா பின் அட்டை வரைக்கும் புரட்டிப் பார்த்தாள். மன்னித்துவிட்டாளா இல்லையா என்று எழுதினவருக்கே தெரியாது போலிருக்கிறது என்று கோபம் கோபமாக வந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினதும் பெரியவள் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். யாராவது வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட கோப்பையில்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏண்டி இந்தக் கப்புல?"

"மத்ததெல்லாம் கழுவல."

தொட்டியை எட்டிப் பார்த்தாள். கழுவாத கோப்பைகள் குவிந்துதான் கிடந்தன. அப்படியானால் வெறும் தேநீர்தானா? அல்லது கழுவாமல் விட்டதே இதற்காகத்தானா? கேட்டால் சிரிப்பாளோ, இன்னும் விலகிப்போவாளோ. பெற்ற மகளிடம் பேசப் பயமாக இருந்தது. அது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது..."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சக்கரை சரியா இருக்கு."

சனிக்கிழமை சின்னவளுக்குக் காலணி வாங்க மூவரும் ரயிலில் போனார்கள். பிள்ளைகளின் அப்பா லாரியோடு வெளியூரில் இருந்தார்; அவர் என்றைக்குத்தான் கடைக்கு வந்தார். திரும்பும்போது நடைமேடையில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. அம்மாவின் ஒரு கையில் கனமான பை. கதவு திறந்ததும் ஆட்கள் முட்டி மோதினார்கள். அம்மா யோசிக்கவே இல்லை. காலியாக இருந்த கை தானாக நீண்டு பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது.

எத்தனை வருஷமாயிற்று இந்தக் கையைப் பிடித்து. எலும்பு முற்றி, பெரிய மனுஷியின் கையாகிவிட்டிருந்தது. பெரியவள் திகைத்து அம்மாவைப் பார்த்தாள். அவள் விரல்கள் மடங்கி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தன. இறுக்கிப் பிடித்ததை அம்மா சத்தியமாக உணர்ந்தாள்.

"அம்மா, பாப்பா!" என்று கத்திக்கொண்டே கையை உதறிப் பெரியவள் வெளியே பாய்ந்தாள். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அப்பால் சின்னவள் புதுக் காலணியோடு நின்றுகொண்டிருந்தாள். அழக்கூட இல்லை, விழித்த கண்ணோடு அம்மாவையே பார்த்தாள். பெரியவள் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நில், நாங்கள் வருகிறோம் என்று கையால் காட்டினாள். ஆசிரியை மாதிரி நிதானமாக, இரண்டு தடவை. அம்மா தலையாட்டினாள். ரயில் நகர்ந்தது.

"கதவுல சாயாதீங்க" என்று யாரோ சொன்னார்கள்.

அடுத்த நிலையத்தில் இறங்கியபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரியவள் இதை என்னவென்று எடுத்துக்கொள்வாள்? சந்தோஷப்படுவாளா, தங்கையை விட்டுவிட்டாயே என்று காறித் துப்புவாளா? சின்னவள் பார்த்துவிட்டாளே, அவள் ஒருநாள் வளர்ந்து வந்து கேட்டால்? எதைச் செய்திருந்தாலும் தப்புத்தானோ? நாவலில் வந்த அந்த மூட்டைக்காரியை உட்காரவைத்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

தூரத்தில் அடுத்த ரயிலின் வெளிச்சம் தெரிந்தது. எந்தப் பெட்டியில் வருவார்களோ. அந்தக் கோடிக்கு ஓடினாள், மனம் கேட்காமல் இந்தக் கோடிக்குத் திரும்பினாள், கடைசியில் நடுவில் வந்து நின்றாள். பை இன்னும் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். கீழே வைத்தாள். ரயில் வந்து நின்று கதவுகள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்தபோது, போகிற வருகிறவர்கள் விலகி நடக்கும்படி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.