நல்ல தண்ணீர்

காரின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ரேடியேட்டரின் கீழ்த் திருகை அவள் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியதும், தண்ணீர் பக்கெட்டில் விழாமல் நேராக அவள் முழங்கை வழியாக அக்குள் வரை ஓடியது. செங்கல்லைக் கரைத்த மாதிரி ஒரு தண்ணீர். வந்த எரிச்சலில் அப்பாவைத் திட்ட வாயெடுத்துவிட்டாள். அப்பா உள்ளே கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கிறார் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து இப்படி மறந்து மறந்து நினைப்பது இது மூன்றாவது முறை.

மணி ஒன்று. நான்கு மணிக்கு அப்பாவை எடுத்துப்போக வண்டி வந்துவிடும்.

இந்த வேலை அவள் தலையில் விழுந்ததற்கு அம்மாதான் காரணம். "நான் நம்ம கார்லதான் பின்னாடி வருவேன்" என்று காலையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "என் கார் இருக்கும்மா, ஏசி இருக்கு, புதுசு" என்று அண்ணன் நான்கு தடவை சொல்லிப் பார்த்தான். அம்மா அவன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நாற்காலிகளை எண்ணப் போய்விட்டான்.

அந்தக் காரோ அரைகுறையாய் நின்றது. நேற்று சாயங்காலம் அப்பா பழைய தண்ணீரை இறக்கி, துரு கரைக்கும் மருந்தை ஊற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று படுத்தவர். காலையில் எழுந்திருக்கவில்லை. மருந்தோடு வண்டியை ஓட்டக் கூடாது, ரேடியேட்டரையே அரித்துவிடும்.

படுக்கப் போகும் முன் அவர் அவளுக்குப் போன் செய்திருந்தார். "மறுபடி துரு வந்திருக்கும்மா. ஆறே மாசம். எங்கேயோ தப்பு நடக்குது." அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, அந்த டப்பாவைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க. எங்களையும் இருக்க விடுங்க." அவர் ஏதோ பதில் சொல்ல ஆரம்பித்தார். அவள் வைத்துவிட்டாள். அது என்ன பதில் என்பது இனி யாருக்கும் தெரியாது.

"திருகை முழுசா கழட்டாதம்மாடி, பக்கெட்டுல விழுந்துடும்" என்றது மேலே ஒரு குரல். ஸ்பானர் சித்தப்பா. சொந்தச் சித்தப்பா இல்லை, அப்பாவின் சிநேகிதர். நாற்பது வருஷம் ஒர்க்ஷாப்பில் கிடந்தவர். முழங்கால் இரண்டும் போனதிலிருந்து வாயால் மட்டுமே வேலை செய்கிறார். காருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மேல் மூடியைத் திற. ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் திருப்பிவை, அப்பதான் அந்தக் குழாயிலயும் தண்ணி ஓடும். ஹோஸை மேல விடு. கீழ தெளிவா வர்ற வரைக்கும் விடு."

விட்டாள். செங்கல் நிறம் தேநீர் நிறமாகி, பிறகு கழுவிய அரிசித் தண்ணீர் போல் ஆகிற வரை பக்கெட் பக்கெட்டாய்த் தூக்கிக் கொட்டினாள். நடுவில் துக்கம் கேட்க வந்தவர்கள் வேறு. காருக்கு அடியில் இருப்பவளிடம் எப்படித் துக்கம் கேட்பது என்று தெரியாமல், வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் பாதங்களிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். "ராத்திரி நல்லாத்தானே சாப்பிட்டார்?" என்று ஒரு ஜோடிச் செருப்பு கேட்டது. "ஆமாங்க" என்றாள் அவள்.

"உங்க அப்பனை மாதிரி ஒருத்தனைப் பார்த்ததில்ல" என்றார் சித்தப்பா. "ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதரம் கழுவற வண்டியை வருஷத்துக்கு ரெண்டு தடவை கழுவினான். வெறும் தண்ணி இல்லாம அந்தப் பச்சைக் கூலன்ட் ஊத்தினா துருவே பிடிக்கக் கூடாது. இவனுக்கு மட்டும் பிடிக்குது. ஊத்தின பச்சை எங்க போச்சுன்னு என் உயிரை எடுத்தான். சாயம் போற சரக்கை வித்துட்டான்னு கடைக்காரன்கிட்ட சண்டை. ரேடியேட்டரையே ஒருதரம் மாத்தினோம். அப்பவும் துரு."

"கிறுக்குத்தான் சித்தப்பா, வேற என்ன?"

"கிறுக்குன்னுதான் நானும் சொன்னேன்."

அப்பாவின் கிறுக்குகளுக்குக் கணக்கே இல்லை. மதிலோரம் எந்தச் செடி வைத்தாலும் பட்டுப்போகிறது என்று நான்கு தடவை மண்ணை மாற்றியவர் அவர்.

டிக்கியில் ஒரே ஒரு கூலன்ட் கேன் இருந்தது. அப்பா நேற்று வாங்கி வைத்தது. திருகை மூடி, பச்சைத் திரவத்தை மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே இன்ஜினைக் கிளப்பினாள், உள்ளே அடைத்த காற்று வெளியேற வேண்டுமே. சத்தம் கேட்டதும் அம்மா வாசலுக்கு ஓடி வந்தாள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குமிழிகள் அடங்கின. மேல் ஹோஸ் தொட்டால் சுட்டது. குறைந்ததை நிரப்பி, மூடியை இறுக்கி, இன்ஜினை நிறுத்தினாள். "ஆறட்டும். போய்க் குளிச்சுட்டு வா" என்றார் சித்தப்பா. அவரும் கூடத்துக்குப் போனார்.

குளித்து, உடை மாற்றி, அப்பாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அவர் விரல் நகங்களில் இன்னும் துரு இருந்தது. மூன்றே கால் ஆனபோது அம்மாவைக் காணோம் என்று அண்ணன் கிசுகிசுத்தான். அவள் வெளியே வந்தாள்.

அம்மா காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கீழ்த் திருகு திறந்திருந்தது. அதன் அடியில் பழைய அலுமினியச் சட்டி. அதில் பளபளவென்று அத்தனையும் பச்சை. பக்கத்தில் சமையலறைக் குடமும் ஒரு சொம்பும் இருந்தன.

"அம்மா! என்ன பண்றே?"

"கத்தாதே. ஆறினப்புறம்தான் திறந்தேன். எனக்குத் தெரியாதா?" அம்மா திருகை மூடிவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பழக்கப்பட்ட கையால் மதிலோரம் கொட்டினாள். "நீயும் உங்கப்பா மாதிரிதான். மணிக்கணக்கா கழுவறது. கடைசியில பாசித் தண்ணியை ஊத்தி மூடிடறது."

"எத்தனை நாளா இதைப் பண்றே?"

"நாளாவது. வண்டி வந்ததிலேர்ந்துதான். முதல் தடவையே சொன்னேன், என்னங்க பச்சையா இருக்கேன்னு. உனக்கென்ன தெரியும், உள்ள போன்னார். சரின்னு உள்ள போனேன்." குடத்திலிருந்து சொம்பில் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றினாள். "அவர் கழுவின மறுநாள், குளிக்கப் போற நேரத்துல, நல்ல தண்ணியா மாத்தி வெச்சிடுவேன். சொன்னா ரோஷம் வரும். அதுக்கெதுக்குச் சொல்லணும்?"

வண்டி வாங்கிப் பத்தொன்பது வருஷம். கடைக்காரரோடு சண்டை, ஒரு புது ரேடியேட்டர், நான்கு தடவை மதிலோரத்து மண். நேற்று ராத்திரியின் அந்தப் போன். அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்த சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா சித்தப்பா?" என்று அவரிடம் மெல்லக் கேட்டாள்.

"தெரிஞ்சிருந்தா என் உயிரை அப்படி எடுத்திருப்பானா?" என்றவர் நாற்காலியை மதில் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா சொம்போடு நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்டி, நல்ல தண்ணிதானே ஊத்தறேன்? எதாவது தப்பா?"

அவள் அம்மாவின் ஈரக் கைகளைப் பார்த்தாள். மணி மூன்று இருபத்தைந்து. கடைக்குப் போய் வர நேரமில்லை. ஊற்ற இன்னொரு கேனும் இல்லை.

"தப்பில்லம்மா. கொடு, நான் ஊத்தறேன்."

"போய்ட்டு வர்ற தூரத்துக்குத் தண்ணியே போதும்" என்றார் சித்தப்பா, மதிலைப் பார்த்துக்கொண்டே. "காத்தை மட்டும் வெளியேத்திடு."

நான்கு மணிக்குச் சரியாக வண்டி வந்தது. அண்ணன் அப்பாவோடு அதில் ஏறிக்கொண்டான். அவள் பழைய காரைக் கிளப்பிப் பின்னால் போனாள். அம்மா முன் இருக்கையில், தான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சொம்பு. வழியில் தேவைப்பட்டால் ஊற்ற வேண்டுமாம்.

முன்னால் போன வண்டி மிக மெதுவாகப் போனது. அவள் அதையும் வெப்பமானி முள்ளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா, தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நீங்க சொன்னதுதான் சரி, உங்களுக்குக் கிறுக்கு இல்ல. இதைக் கேட்டால் துள்ளிக் குதிக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் முப்பதடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"சூடு ஏறுதாடி?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. பாதியிலதான் நிக்குது."

சாலை மேடு பள்ளமாக வந்தது. அம்மா தண்ணீர் சிந்தாமல் இருக்கச் சொம்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.