டெரெக்கின் மார்பளவு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு லொரைன் என் கதவைத் தட்டினாள். திறந்தேன். உள்ளே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

இங்கிலாந்தில், ஓல்டம் நகரின் இந்தத் தெருவில் நாங்கள் வருஷக்கணக்காக அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். மழை, குப்பை வண்டி, அவளுடைய பூனை, இதைத் தாண்டி நாங்கள் எதுவும் பேசியதில்லை. கை குலுக்கியதுகூட இல்லை. அறுபதை நெருங்குகிறவள் இப்படி வந்து கட்டிக்கொண்டால் என்ன செய்வது? மரம் மாதிரி நின்றேன்.

"அசையாத, கண்ணு," என்றாள். "நீ ரொம்ப ஒல்லி. போய் ஒரு ஸ்வெட்டர் போட்டுட்டு வா."

போட்டுக்கொண்டு வந்தேன். மறுபடி கட்டிப்பிடித்தாள்.

"இன்னொண்ணு."

மூன்றாவது ஸ்வெட்டரில்தான் அவளுக்குத் திருப்தி. என் முதுகுக்குப் பின்னால் அவளுடைய வலது கை விரல் நுனி, அவளுடைய இடது மணிக்கட்டில் உள்ள சட்டைப் பட்டனை மட்டும் தொட வேண்டுமாம். அதைத் தாண்டினால் நான் ஒல்லி. எட்டாமல் போனால் பருமன். தொட்டதும், பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்து மூன்று ஸ்வெட்டருக்கும் மேலாகச் சுற்றிப் பார்த்தாள். அளவை முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். நன்றிகூடச் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் பிறகு அவள் சொன்னது. சொல்லாத இடத்தில் நான் இட்டுக்கட்டியது. எது எது என்று முடிந்தவரை காட்டிவிடுகிறேன்.

2

கிழித்துப்போட்ட தொடக்கங்கள்:

லொரைனுக்கு ஒரு தம்பி இருந்தான். [இருந்தான் என்றால் செத்துப்போனவன் மாதிரி இருக்கிறது. டெரெக் சாகவில்லை.]

சமையலறை மேசை மேல் கருநீலக் கித்தான் துணி விரிந்து கிடந்தது, ஏதோ ஒரு [ஏதோ ஒரு என்ன? கடலா? வானமா? வேண்டாம். துணிதான் கிடந்தது.]

நேராகவே சொல்கிறேன். டெரெக் குடித்துவிட்டுக் கார் ஓட்டி வந்தான். எங்கள் தெருவிலேயே, தன் வீட்டுக்குப் பத்து வீடு முன்னால், ஒரு மனிதரை இடித்துவிட்டான். அவர் பிழைக்கவில்லை. அவருடைய மனைவி இன்றும் லொரைனுக்கு எதிர்வீட்டில்தான் இருக்கிறார். டெரெக் சிறைக்குப் போன முதல் வாரமே லொரைன் அவன் அறையைக் காலி செய்து, துணிமணியை எல்லாம் மூட்டை கட்டி, தானமாக வரும் பழைய சாமான் விற்கும் தர்மக் கடையில் கொடுத்துவிட்டாள். அவனைப் பார்க்க ஒரு தடவைகூடப் போகவில்லை.

விடுதலை நெருங்கியபோது அவன் தொலைபேசியில் கேட்டான்.

"என் துணியெல்லாம் இருக்குல்ல?"

"இருக்கு. எங்க போகும்?" என்றாள் லொரைன்.

ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு அவளால் அவனிடம் அளவு கேட்க முடியாது. துணி இருக்கிறது என்றவள் எதற்கு அளவு கேட்கிறாள் என்று அவன் யோசிப்பானே.

3

அவன் வருவதற்குள் புதிதாக ஒன்று தைத்துவிடலாம் என்று அவள் தேர்ந்தெடுத்தது, வேலைக்குப் போடுகிற ஒரு ஜாக்கெட். ரயில்வே ஆட்களும் தோட்டக்காரர்களும் போடுவது. முன்னால் மூன்று வெளிப் பை, உள்ளே லைனிங் கிடையாது. வீட்டில் தைக்கிறவர்களுக்குத் தபாலில் பேட்டர்ன் தாள் வரும். ஒரே தாளில் எல்லா அளவும் கோட்டுக்குள் கோடாக வரைந்திருக்கும். அந்தத் தாளை யாரும் வெட்ட மாட்டார்கள். வேண்டிய கோட்டை மட்டும் மெல்லிய தாளில் பிரதி எடுத்து, அதை வெட்டுவார்கள். மற்ற அளவுகள் எப்போதாவது உதவும்.

லொரைன் வெளியிலிருந்து இரண்டாவது கோட்டைப் பிரதி எடுத்தாள். அவள் கடைசியாகப் பார்த்த டெரெக்குக்கு அதுதான் சரியான கோடு. நல்ல துணியில் கை வைக்குமுன் பழைய படுக்கை விரிப்பை வெட்டி, சோதனைக்கு ஒன்று தைத்து, கதவில் மாட்டிப் பார்த்தாள்.

"உள்ள யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு," என்றாள் என்னிடம். "ஆனா அது எவன்னு எனக்குத் தெரியல."

கித்தானை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள். நேரில் ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும், அளவு பிடிபட்டுவிடும் என்று நினைத்தாள். சிறையில் பார்வையாளர் நேரத்துக்குப் பெயர் கொடுத்தாள்.

[இங்கே நான் அவசரப்பட்டேன். "அப்போ அவனை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். "உடுப்பு வேற, மன்னிப்பு வேற," என்றாள். கதைக்கு நல்ல வரி கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன்.]

4

சிறையின் அந்தப் பார்வையாளர் அறையை நான் பார்த்ததில்லை. டெரெக்கையும் பார்த்ததில்லை; அவன் உள்ளே போன பிறகுதான் நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தேன். அவனைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அவனுடைய மார்பளவு ஒன்றுதான், அதுவும் என் உடம்பின் மேல் எடுத்தது. ஆகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். இஞ்சு டேப்பெல்லாம் உள்ளே போகாது. மேசையிலிருந்து எழுந்த ஆளைப் பார்த்ததும் லொரைன் தப்பான மேசைக்கு வந்துவிட்டதாக நினைத்தாள். அவ்வளவு இளைத்திருந்தான். கொடுத்திருந்த சாம்பல் நிறச் சட்டை தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. உள்ளே எவ்வளவு உடம்பு, எவ்வளவு காற்று என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

வந்தவுடன் ஒருமுறை அணைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பக்கத்து மேசைகளில் எல்லோரும் அணைத்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து பேசிவிட்டு வருவது என்றுதான் அவள் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் கட்டிப்பிடித்தாள். வலது விரல் நுனி இடது மணிக்கட்டுப் பட்டனைத் தொட்டது. மனதில் குறித்துக்கொண்டாள்; அன்று சாயங்காலம் என் மேல் டேப் வைத்துப் பார்த்தது இந்த அளவைத்தான். பிறகு கையை விரித்து, தோளுக்குத் தோள் சாண் போட்டாள்.

அவள் காதருகில் டெரெக் சொன்னான்:

"லொரைன், அளவா எடுக்கற?"

அவள் என்ன பதில் சொன்னாள்? இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) "இல்லடா. ஆசையா இருந்துச்சு."

(ஆ) "ஆமா."

முதலாவது கண்ணீர் வரவழைக்கும். ஆனால் பொய். இரண்டாவது உண்மை. ஆனால் அதைக் கேட்ட தம்பியின் முகத்தை எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. லொரைனிடமே கேட்டேன்.

"'சும்மா நில்லுடா'ன்னேன்," என்றாள்.

உட்கார்ந்தார்கள்.

"அப்போ என் துணியெல்லாம் போயிடுச்சு," என்றான்.

"முதல் வாரமே."

"நல்லது. நானா இருந்தா எரிச்சிருப்பேன்."

டெரெக் ஒரு தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"எதிர்வீட்டம்மா?"

"இருக்காங்க. என்னைப் பாத்தா தலையாட்டுவாங்க. அவ்வளவுதான்."

"நான் அந்தத் தெருவுக்கு வர வேணாம்னா இப்பவே சொல்லிடு. வேற எங்கயாவது தங்க வைப்பாங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

லொரைன் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "கையை நீட்டு," என்றாள். "கை நீளத்தை நான் எடுக்கல."

நீட்டினான். மேசைக்கு மேலேயே, தோளிலிருந்து மணிக்கட்டு வரை சாண் போட்டாள்.

"வெளிய வந்தா என்ன வேலை செய்வ?"

"தோட்ட வேலை கத்துக் குடுத்தாங்க. எவனாவது கூப்பிட்டாப் போவேன்."

"குனிஞ்சு நிமிர முதுகுல தளர்வு வேணும். பை பெருசா வைக்கிறேன்."

"நீ என்ன வெச்சாலும் சரி."

[இந்தக் கடைசி வரி நான் சேர்த்தது. லொரைன் சொன்னதில் அவன் ஒன்றுமே பேசவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டானாம். அந்த அமைதியை எழுதத் தெரியாமல் வாயில் வார்த்தையைப் போட்டேன்.]

5

நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார். நாற்காலிகள் நகர்கிற சத்தம். கிளம்பும்போதும் ஒருமுறை அணைத்துக்கொள்ளலாம், விதியில் அதற்கு இடம் உண்டு.

மார்பளவு கிடைத்துவிட்டது. தோள் கிடைத்துவிட்டது. கை நீளமும் கிடைத்துவிட்டது. அந்த உடம்பிலிருந்து ஜாக்கெட்டுக்கு இனி எதுவும் தேவையில்லை.

லொரைன் என்னிடம் இதுவரைதான் சொன்னாள்.

"அப்புறம்?" என்றேன்.

"டீ ஆறுது, குடி," என்றாள்.

ஜாக்கெட் முடிந்துவிட்டது. உள்கோடுகளில் ஒன்றைப் பிரதி எடுத்து வெட்டினாள், காஜா எல்லாம் எடுத்தாயிற்று. அதை வைத்து முடிவைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எப்படியிருந்தாலும் அவள் தைத்துத்தான் இருப்பாள். தொட்ட வேலையைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

லொரைன் மெல்ல அவன் பக்கம்

லொரைன் கைப்பையைத் தேடுகிறவள் போல

டெரெக்தான் முதலில்

மூன்றையும் என்னால் முடிக்க முடியவில்லை. அணைத்தாள் என்று எழுதினால் எதிர்வீட்டம்மாவுக்கு நான் என்ன சொல்வது? தெருவில் தினமும் பார்க்கிறேன். இல்லை என்று எழுதினால், மூன்று ஸ்வெட்டர் போட்டு நின்றவன் நான், அந்த அளவுக்காக அவள் என்னை எத்தனை தடவை கட்டிப்பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் எழுதினாலும் யாரோ ஒருவருக்குத் துரோகம் செய்கிறேன்.

ஆகவே உங்களிடமே விடுகிறேன். நான் நழுவுகிறேன் என்று திட்டினால் திட்டுங்கள். அவன் உங்கள் தம்பி. ஒருவரைக் கொன்றவன். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு எதிரில் நிற்கிறான், தானாக ஓரடிகூட முன்னால் வர மாட்டான். அளக்க எதுவும் மிச்சமில்லை.

காவலர் இரண்டாவது தடவையாகக் கூப்பிடுகிறார். லொரைன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள். சீக்கிரம் சொல்லுங்கள்.