அரைக் கட்டை மேலே

புது ஒலிநாடா வீட்டுக்கு வந்த அன்று காலையில், அதைப் போட்டுவிட்டுக் கூடவே வாசிக்கலாம் என்று பியானோ முன் உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டின் முதல் வரியிலேயே என் விரல்களும் நாடாவும் சண்டை போட்டுக்கொண்டன. பியானோவில்தான் கோளாறு என்று நினைத்துச் சுருதி சேர்ப்பவரை வரவழைத்தேன். அவர் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தார்.

"பத்தரை மாத்துத் தங்கம்மா இது. கோளாறு வேற எங்கேயோ இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நாடாவில் பாடுவது என் அக்கா. சாஸ்திரிய சங்கீதத்தை முறையாகக் கற்றுக்கொண்டு, பிறகு ஜாஸுக்கு வந்தவள். தூங்கவைக்கிற மெல்லிய பாட்டோ, தடதடவென்று ஓடுகிற துள்ளல் பாட்டோ, சொல்லே இல்லாமல் வெறும் அசைகளை உருட்டி விளையாடுவதோ, எதையும் தன் சொந்த வீடுபோல நினைத்து உள்ளே நுழைந்துவிடுவாள். அவள் பதிவுகள் எல்லாவற்றுக்கும் பியானோ நான்தான். இந்த முறை கடைசிப் பாட்டுக்கு முன்னால், "அரைக் கட்டை சுருதி இறக்கி வாசிடீ. பாட்டு கொஞ்சம் சோகமா இருக்கட்டும்" என்றாள். இறக்கினேன். இறக்கியது என் விரலுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாடாவிலோ பாட்டு பழைய உயரத்திலேயே நின்றது. வேகமும் கூடியிருந்தது. நான் என் ஆயுளில் ஓடாத ஓட்டத்தை என் கை அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் குரலும் இளமையாகக் கேட்டது. யாரோ நாடாவை வேகமாக ஓட்டிப் பிரதி எடுத்திருக்கிறார்கள். வேகம் ஏறினால் சுருதியும் கூடவே ஏறும்.

யார்? எதற்காக? நாடா கடைகளுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் பெரிய அரங்கில் நிகழ்ச்சி. அதிலும் அந்தப் பாட்டுதான் கடைசி. நாடாவைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் அதே உயரத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். அக்காவால் அங்கே ஏற முடியாவிட்டால், நிறைந்த சபையில் அவள் குரல் உடையும். இத்தனை வருஷம் சேர்த்த பேரும் அதோடு போகும்.

என் சந்தேகம் நேராக அத்தான் மேல் போய் உட்கார்ந்தது. அக்காவின் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்வது அவர்தான். சில நாளாக நான் அவர்கள் வீட்டுக்குள் போனால் பேச்சை நிறுத்திவிடுவார். தொலைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

ஆனாலும் முதலில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். அங்கே பதிவு செய்பவரை நாங்கள் 'செவிடர்' என்போம். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றவே மாட்டார். நானே கழற்றினேன்.

"நாடாவை ஏத்தி ஓட்டினது யாரு?"

"மெஷின்."

"மெஷினை?"

"நான்."

"உங்களை?"

அவர் என் கையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டார். "உங்க வீட்டு ஆள்தான். உங்க சட்டியில இருக்கிறதை உங்க அகப்பையாலேயே எடுத்துக்கோங்க. என்னை விடும்மா."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், நாடாவில கை வெச்சது நீங்கதானே?"

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் நின்றது. "நானா? நான் உன்னையில்ல நினைச்சுக்கிட்டிருக்கேன்!"

"என்னையா?"

"நாடா கடைக்குப் போகுமுன்னயே கேட்டேன். கேட்டவுடனே தெரிஞ்சுபோச்சு, ஓட்டம் ஏறியிருக்குன்னு. உன் விரல் முன்ன மாதிரி ஓடலை, அதை மறைக்க நீயே ஏத்தச் சொல்லியிருக்கேன்னு நினைச்சேன். அக்கா மனசு நோகுமேன்னு வாயைத் திறக்கலை."

"என் விரலுக்கு என்ன கேடு?"

"பின்னே, அவ குரலுக்கா கேடு? அதான் நான் வெளியே போனதும் ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டுப் பயிற்சி பண்றீங்களே, உனக்குத் தெரியாதா?"

"ரெண்டு பேரா? கொஞ்ச நாளாவே அக்கா என்னைக் கூப்பிடுறதில்லையே."

சட்டை கருகும் வாசனை வந்தது. அத்தான் பெட்டியைத் தூக்கினார். இருவரும் உள்ளறைக் கதவைப் பார்த்தோம். உள்ளே அக்கா அந்தப் பாட்டின் உச்சத்துக்கு ஏறும் மேல் வரியைச் சன்னமாகப் பாடினாள். கடைசிச் சுரத்துக்கு முன்னால் நிறுத்தினாள். மறுபடி பாடி, மறுபடி அங்கேயே நிறுத்தினாள்.

நான் கதவைத் திறந்தேன்.

"வாங்க வாங்க" என்றாள். "துப்புத் துலக்கியாச்சா?"

"ஏன்க்கா இப்படிப் பண்ணே?"

"பழைய நாடாக்களைக் கேட்டேன். அதில பாடுறவளை எனக்குப் பிடிச்சுது. இன்னும் ஒரு தடவை அவளைக் காட்டலாம்னு தோணுச்சு." வெந்நீரை ஒரு வாய் குடித்தாள். "மேடையில நாடாவில இருக்கிற சுருதியிலேயே வாசி. எப்படியாவது எட்டிடுவேன். நீ எதையாவது செஞ்சு காப்பாத்துறேன்னு கிளம்பினே, பல்லைத் தட்டிடுவேன்."

அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. நான் இறக்கிவிடுவேனோ என்று அக்கா என் கைகளைப் பார்த்தாள். அவள் எங்கே சறுக்குவாள் என்று நான் அவள் தொண்டையைப் பார்த்தேன். அத்தான் இருவரையும் பார்த்தார்.

நிகழ்ச்சியன்று அரங்கம் நிறைந்துவிட்டது. மற்ற பாட்டுகள் சுகமாகப் போயின. கடைசிப் பாட்டுக்கு நான் கை வைத்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன சுருதியின் கட்டைமேல்தான் என் விரல் இருந்தது. அதை விட்டு அரைக் கட்டை இறங்கித் தொடங்கினேன்.

அவளுக்கு முதல் தட்டிலேயே தெரிந்துவிட்டது. கையை உயர்த்தினாள். நிறுத்தினேன். பின்னால் பாஸ் கிட்டார் வாசிப்பவர் "போச்சு" என்று முணுமுணுத்தார்.

அக்கா மைக்கை விட்டு நகரவில்லை. "இவ என் தங்கச்சி" என்றாள் சபையிடம். "என்னைக் கேட்காம இறக்கிட்டா."

சிரிப்பு எழுந்தது. எனக்குக் காது சுட்டது. அவள் என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தாள். வீட்டில் வாங்கப்போகும் திட்டை அந்தப் பார்வையிலேயே பாதி வாங்கிவிட்டேன்.

"இறக்குறதுதான் இறக்கினே, ஒழுங்கா இறக்கக் கூடாதா?" என்றாள், மைக்கில்தான். "இன்னும் ஒரு கட்டை கீழே வாடீ. இதுவும் எனக்கு உசரம்."

இறங்கினேன். அவள் பாடினாள். மேல் வரி வந்தபோது நான் வாசிப்பதைக் குறைத்துக்கொண்டேன். கடைசிச் சுரத்தில் அவள் நிறுத்தவில்லை. கனத்து, கொஞ்சம் கரகரத்து, அது வேண்டிய மட்டும் நின்றது. அந்தக் குரல் எங்களுடைய எந்த நாடாவிலும் இல்லை.