சாமிக்கு என்ன மாலை

தேவகி கொக்கி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடியில் போட்டுவிட்டுச் செல்போனை வாயருகே வைத்துப் பேசியதைக் கேட்டபோது, யாரோ வாடிக்கைக்காரிக்குப் பதில் சொல்கிறாள் என்றுதான் பரசுராமன் நினைத்தார். அவர் தட்டில் இரண்டாவது தோசை பாதி இருந்தது.

"வர்ற கருட சேவைக்கு நான் சமைக்கலபா. வர்றவங்க வாங்க. வாசல் தொறந்துதான் இருக்கும், குடத்துல தண்ணி இருக்கும். நான் சாமி பாக்கப் போறேன். யாரும் கோச்சிக்காதீங்க."

அவ்வளவுதான். விரலை எடுத்தாள், குரல் சேதி போய்விட்டது. அடுத்த நொடி அவர் சட்டைப் பையிலிருந்த போன் கிணுங்கியது. 'நம்ம குடும்பம்' என்ற குழுவில் இருந்த மற்ற இருபத்திரண்டு பேருக்கும் போன சேதி, எதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த கட்டிய கணவருக்கும் முறையாக வந்து சேர்ந்தது. எல்லோரும் கேட்டுவிட்டதற்கு அடையாளமாக அவள் போனில் நீல டிக் விழுந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யாரோ ஒரு பையன் கும்பிடு படம் ஒன்றைப் போட்டு, வீட்டில் அதட்டினார்கள் போலிருக்கிறது, உடனே அழித்தும் விட்டான்.

"என்னம்மா இது, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார் பரசுராமன்.

"இப்பதான சொன்னேன்" என்றாள் தேவகி. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருடன் மேல் ஏறி ஊரைச் சுற்றி வரும் அன்றைக்குக் காஞ்சிபுரத்துக்குள் பஸ் நுழைய முடியாது. எல்லைக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுவிடுவார்கள். ஜனங்கள் விடியுமுன்னே நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். பரசுராமன் வீடு சாமி போகும் பாதையில், தெருமுனையிலிருந்து நாலாவது வீடு. அவருடைய அப்பா வாங்கியது. அப்பா ஏற்படுத்திய வழக்கம் இரண்டு. சாமி கடக்கும்போது வாசல் சாத்தியிருக்கக் கூடாது. அந்த வீட்டில் பிறந்த பெண் கற்பூரத் தட்டோடு வாசலில் நிற்க வேண்டும். பிறந்த பெண் என்றால் பரசுராமனின் அக்கா அங்கம்மாள். தென்னேரியில் வாழ்க்கைப்பட்டவள். முதல்நாள் சாயங்காலமே ஒரு வேன் நிறைய, குறைந்தது பன்னிரண்டு பேர், அவளோடு வந்து இறங்குவார்கள். மாடியில் பாய் விரித்துப் படுத்து, எழுந்து, குளித்து, சாமி பார்த்து, சாப்பிட்டுக் கிளம்புவார்கள். பிறந்த பெண் தட்டோடு வாசலில் நின்றால், வந்த பெண் எங்கே நிற்பாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அது சமையல்கட்டு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இருபத்தாறு வருஷம். சாமி வாசலுக்கு வரும் வீடு. அந்த வீட்டுக்காரி ஒரு தடவைகூடக் கருட சேவை பார்த்ததில்லை. இதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை, தேவகி உட்பட. போன வருஷம் ஆறாவது ஈடு இட்லியை இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அவள் கூடத்துக்கு வந்து, "சாமிக்கு என்ன மாலை இந்த வருஷம்?" என்று கேட்டாள். பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் நின்று போனில் படம் பிடித்த பரசுராமனுக்கே தெரியவில்லை. படத்தை ஓட்டிப் பார்த்தால் முழுக்க முன்னால் நின்றவன் மண்டை. தேவகி சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சிரிப்பை அப்போதே கவனித்திருக்க வேண்டும் என்று இப்போது அவருக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகுதான் அவள் போக்கு மாறியது. தீபாவளிக்கு வழக்கமாக ஆறு பலகாரம் செய்வாள். போன தீபாவளிக்கு அதிரசம் மட்டும். "எனக்கு அதிரசம் சுடப் பிடிக்கும். முறுக்கு புழியறதுன்னா தோள்பட்டை கழண்டுக்குது. அதை ஏன் செய்யணும்?" மூன்று நாள் சுட்டாள், தெருவுக்கே கொடுத்தாள். பேர்கூடத் தெரியாதவர்கள் வீட்டு வளைகாப்புக்குத் தட்டு தூக்கிக்கொண்டு போவதை விட்டாள். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் வழி வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜெயம்மாள் குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டபோது நாற்பது நாள், மூன்று வேளையும், யாரும் சொல்லாமல் சோறு கொண்டுபோனாள். ஒவ்வொரு வேலையையும் கையில் எடுத்து, 'இது எனக்கு வேணுமா' என்று அதையே கேட்பவள் மாதிரி இருந்தாள். வேண்டியதை முன்னைவிட நன்றாகச் செய்தாள். பரசுராமனுக்குச் சில நாள் எரிச்சலாக இருந்தது. சில நாள், இத்தனை வருஷம் கூடவே இருந்த பெண்ணை இப்போதுதான் பார்க்கிறோமோ என்று வியப்பாக இருந்தது. ஆனால் அதிரசம் வேறு, அங்கம்மாள் அக்கா வேறு.

அக்காவின் போன் மறுநாள் காலை வந்தது. தேவகிதான் எடுத்தாள்.

"நான் வரக்கூடாதுன்னு சொல்றியாமா?"

"ஐயோ, வாங்க அண்ணி. உங்க வூடு. நான்தான் இருக்க மாட்டேன். விடியறதுக்கு முன்னால கோயிலுக்குப் போய்ட்டு, சாமி கூடவே நடக்கலாம்னு இருக்குறேன்."

 அங்கம்மாள் போனை வைத்துவிட்டாள்.

"இத்தினி வருஷத்து உறவும்மா" என்றார் பரசுராமன்.  அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் அக்கா. அந்த வாசலில் அக்கா தட்டோடு நிற்காத ஒரு வைகாசியை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"உறவு இட்லியிலயா இருக்குது?" என்று கேட்டாள் தேவகி. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பது போலத்தான் இருந்தது. 

பரசுராமனுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. தாமிரக் கம்பியை எத்தனை சுற்று சுற்ற வேண்டுமோ அத்தனையையும் பேசிக்கொண்டே மனசில் எண்ணுவார், ஒன்று பிசகாது என்று பேர். அன்றைக்கு ஒரு கிணற்று மோட்டாரை மூன்று தடவை பிரித்துக் கட்டினார். நாலாவது தடவை எண்ணிக்கை விட்டுப்போனபோது கம்பியைக் கீழே போட்டுவிட்டு அக்காவுக்கு அவரே போன் செய்தார்.

"அக்கா, நீ வழக்கம்போல வா. நான் பாத்துக்கறேன்."

"இன்னாத்த பாத்துக்குவ? உனுக்கு அடுப்பு பத்த வெக்கத் தெரியுமாடா?"

அதோடு வைத்துவிட்டாள். வருகிறாளா இல்லையா என்று தெரியவில்லை. பரசுராமன் இரண்டு கிலோ ரவை வாங்கிக் கடையில் கம்பிச் சுருள்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். எதற்கு ஒளித்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. உப்புமா செய்வது எப்படி என்று போனில் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது மட்டும் கடைக் கதவை ஒருக்களித்து வைத்திருந்தார்.

முதல்நாள் சாயங்காலம் வேன் வரவில்லை; விடிந்த பிறகு வந்தாலும் வருவார்கள் என்று பரசுராமன் நினைத்துக்கொண்டார். கருட சேவையன்று தேவகி இருட்டோடு எழுந்து குளித்தாள். பட்டு கட்டவில்லை. நடக்கத் தோதான பருத்திப் புடவை, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். ஊருக்கே பட்டு நெய்து கொடுக்கும் இடத்தில் அந்த நூல் புடவையில் அவள் அவ்வளவு அழகாக இருந்தாள். இதைச் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. கல்யாணமான புதிதில் சொல்லியிருப்பார். இப்போது வெட்கமாக இருந்தது.

"நீங்களும் வர்றீங்களா?"

"வாசலு?"

"தொறந்து போட்டுட்டு வாங்க. நம்ம வூட்டுல இன்னா இருக்குது, தூக்கிக்கினு போக?"

"அக்கா வந்தாங்கன்னா?"

"சரி. உங்க இஷ்டம்" என்றாள் தேவகி.

'உங்க இஷ்டம்' என்பது அவர் கேட்டு வளர்ந்த வீடுகளில் எல்லாம் சண்டைக்கு முதல் மணி. அதைச் சொல்லிவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருப்பார்கள். இவள் சொன்னதில் அது இல்லை. நிஜமாகவே அவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாள். படியிறங்கியவள் திரும்பிப் பார்த்து, "ரவைய மொதல்ல நல்லா வறுத்துக்குங்க. இல்லன்னா கட்டி தட்டிக்கும்" என்றாள்.

முந்தின ராத்திரிதான் கடையிலிருந்து கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளியிருந்த ரவைப் பையைப் பரசுராமன் வெளியே இழுத்தார்.

உப்புமாவுக்கு அவர் எடுத்தது கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா. பன்னிரண்டு பேருக்கு ஆயிற்றே. வெங்காயம் நறுக்கிக் கண்ணெல்லாம் எரிந்தது. பாதி கருகியது, பாதி வேகவில்லை. மிளகாயைத் தொட்ட விரலால் கண்ணைத் துடைத்தது ஒரு தனிக் கதை. தண்ணீர் கொதிக்க இவ்வளவு நேரமாகும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. வெளிச்சம் வந்து நெடுநேரம் ஆகியிருந்தது. தெருவில் கூட்டம் நெரிய ஆரம்பித்துவிட்டது, குழந்தைகள் அழுகிற சத்தமும் மோர் கொடுக்கிறவர்கள் கூப்பிடுகிற சத்தமும் சமையல்கட்டு வரை கேட்டன. ரவையைக் கொட்டிக் கிளற ஆரம்பித்த நேரத்தில் வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பரசு! தட்டு எங்கடா?"

அவருக்கு உயிர் வந்தது. "சாமி ரூம்ல இருக்குதுக்கா! எல்லாரையும் உக்கார வை, தோ வந்துட்டேன்!" என்று கத்தினார். வரத்தான் முடியவில்லை. கரண்டியை விட்டால் அடிப்பிடிக்கிறது, அடுப்பை அணைத்தால் வேகாது. அதற்குள் நாதஸ்வரச் சத்தம் கிட்டே வந்துவிட்டது. தெருவே "கோவிந்தா" என்றது. அவர் வலது கையால் கிளறிக்கொண்டே ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே சந்து, சந்தின் முடிவில் பக்கத்து வீட்டு மாடிப்படி தெருவை மறைத்தது. படிக்கு மேலே கொஞ்சம் வானம். அந்த வானத்தில் ஒரு குடையின் கலசமும், குடைத் துணியின் வெள்ளை விளிம்பும் வந்து, ஆடி, நின்று, பிறகு நகர்ந்து போய்விட்டன. சாமி வாசலில் நின்றதும் கிளம்பியதும் அவ்வளவுதான்.

அவர் கிளறுவதை நிறுத்திவிட்டார். இந்த ஜன்னல். இந்தச் சந்து. இருபத்தாறு வருஷமாக அவளுக்குக் கிடைத்த கருட சேவை இதுதான். வருஷத்துக்கு ஒரு குடையின் நுனி. அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடக்கூட இட்லிச் சட்டி விட்டிருக்காது. ஒருநாளும் முகம் சுளிக்காமல் பரிமாறினாளே என்று நினைத்தபோது, வெங்காயமும் மிளகாயும் இல்லாமலே கண்ணில் நீர் வந்தது. உப்புமா அடிப்பிடித்த வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

கூடத்தில் ஒருவரும் இல்லை. வாசல்படியில் அங்கம்மாள் மட்டும், கற்பூரம் அணைந்த தட்டோடு, ஒரு காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தவங்க எங்கக்கா?"

"எவனும் வர்லடா. உன் பொண்டாட்டி சொன்னாளே, வர்றவங்க வாங்கன்னு. அதையே நானும் வூட்டுல கேட்டேன். வர இஷ்டம் இருக்குறவன் வாங்கடான்னு. பேரன் யுவனுக்குத் தூக்கம் வருதாம். மருமவளுக்குக் கூட்டம்னா மூச்சு முட்டுதாம். இத்தினி வருஷமும் நான் கூப்புட்டேனேன்னுதான் வந்துக்கினு இருந்தாங்களாம்." அங்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "நான் மட்டும் இன்னா? ரெண்டு வருஷமா முட்டி உயிர் போவுது. வரலன்னா தம்பி பொண்டாட்டி மனசு சங்கடப்படும், ஊரு ஒண்ணு பேசும்னு வந்தேன். அவ இன்னாடான்னா நாங்க வர்றோமேன்னு அடுப்புல வெந்துக்கினு இருந்திருக்கா."

"அப்ப இன்னிக்கு ஏன்கா வந்த?"

"வரணும்னு இருந்துச்சு, வந்தேன்" என்றாள் அங்கம்மாள். சொல்லிவிட்டு, அந்த வார்த்தை அவளுக்கே புதிதாக இருந்தது போல ஒரு கணம் யோசித்தாள். "யுவன் வண்டியில எல்லை வரிக்கும் வந்து உட்டுட்டுப் போய்ட்டான். நடந்துதான் வந்தேன். வலியே தெரியல."

சாமிக்குப் பின்னால் வேதம் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் கடந்து, அதற்கும் பின்னால் ஊர் ஜனம் வந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் தேவகி. கால் முழுக்கப் புழுதி. வெயிலில் முகம் கறுத்து, தலைமுடி கலைந்து, கோயில் பூ ஒரு துண்டு காதோரம் சொருகியிருந்தது. தன் வீட்டு வாசலைத் தாண்டுகிறோம் என்பதே யாரோ சொல்லித்தான் தெரிய வேண்டும் போல நடந்து வந்தவள், அங்கம்மாளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அண்ணி! வந்துட்டீங்களா! கூட நடக்கறீங்களா?"

அங்கம்மாள் தம்பியைப் பார்த்தாள். முட்டியைப் பார்த்தாள். தட்டைத் தம்பி கையில் கொடுத்தாள். "முக்கு வரிக்கும் நடக்கறேன். முடிலன்னா உக்காந்துக்கறேன். தேவகி, கையப் புடி" என்று படியிறங்கினாள். தேவகி கையை நீட்டி அவளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கூட்டத்துக்குள் போனார்கள்.

பரசுராமன் கையில் தட்டோடு வாசலில் நின்றார். உள்ளே பன்னிரண்டு பேருக்கு அடிப்பிடித்த உப்புமா இருந்தது. அதைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அவருக்கு ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கூச்சத்தை எல்லாம் விட்டுவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"தேவகி! சாமிக்கு என்ன மாலை?"

திரும்பினாள். ஏதோ சொன்னாள். மேளம் ஓங்கி அடிக்க ஆரம்பித்ததில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. காதில் கை வைத்துக் கேட்கவில்லை என்று காட்டினார். அவள் அங்கம்மாளின் கையை விட்டுவிட்டு, தன் இரண்டு கைகளையும் தூக்கி, மாலையைத் தோளிலிருந்து காற்றில் வரையத் தொடங்கினாள். மெதுவாக, எதையும் விட்டுவிடாமல், எங்கெங்கே தடித்ததோ அங்கங்கே விரல்களை அகட்டி, மார்பைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, கீழே கீழே கொண்டுவந்தாள். பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு விலகிப் போனார்கள். அவள் அசையவில்லை. முழங்கால் வரை குனிந்து, இரண்டு கையும் சேரும் இடத்தில் ஒரு பெரிய குஞ்சத்தைக் காற்றில் உருட்டிக் காட்டினாள்.