ஏணி இல்லாத கோபுரம்

இளவரசியைக் கோபுரத்தில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். திரை விலகுவதற்கு முன்னால் நடக்கிற காரியம் என்பதால் பார்க்க வந்தவர்களுக்கு இது தெரியாது. அதற்குப் பிறகு தும்மல் வந்தாலும் சரி, கால் மரத்துப்போனாலும் சரி, அவள் அந்தப் பலகைமேல்தான் கிடக்க வேண்டும். கடைசிக் காட்சியில் இளவரசன் ஏணியோடு வந்தால்தான் விமோசனம். நாடகக் குழுவில் அவளுக்குக் 'கோபுரத்தம்மா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

இளவரசன் வேறு யாருமில்லை, அவள் புருஷன். குழுவை நடத்துகிறவரும் அவரே என்பதால் எல்லோருக்கும் அவர் வாத்தியார்.

"ஏணியைக் கோபுரத்துக்குப் பின்னாடியே சாத்தி வெச்சா என்னங்க?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"இளவரசி தானா எறங்கிடலாம்னா அப்புறம் இளவரசன் எதுக்கு?" என்றார் வாத்தியார். பெரிய ஞானம் பேசிவிட்டவர் போல ஒட்டுமீசையைத் தடவிக்கொண்டார்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராட்சசன் ஒருவன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு வந்து கோபுரத்தில் அடைக்கிறான். அவன் உயிர் ஒரு கிளிக்குள் இருக்கிறது. இளவரசன் கிளியின் கழுத்தைத் திருக, ராட்சசன் பொத்தென்று விழ, கல்யாணம். கைதட்டல் முழுக்க இளவரசனுக்கு. உன் உயிர் எங்கே இருக்கிறது என்று தினம் தினம் நைச்சியமாகப் பேசி ராட்சசன் வாயைப் பிடுங்கியவள் இளவரசி. அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

கோபுரத்தம்மா நினைத்துப் பார்த்தாள். ராட்சசனுடைய உயிர் இருக்கிற இடம் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிகிறது, இளவரசியின் உயிர் எங்கே என்று இதுவரை ஒருத்தராவது கேட்டார்களா? குழுவின் உடுப்புகளை எல்லாம் தைக்கிறவள் அவள்தான். மெஷினை மிதித்துக்கொண்டே புதிதாக ஒரு முடிவைக் கட்டினாள். அதில் அந்தக் கேள்வியை ராட்சசனே கேட்கிறான்.

ராட்சசன் வேஷம் அவள் நாத்தனாருக்கு, அவள் 'அண்ணி' என்று கூப்பிடுகிற வாத்தியாரின் அக்காவுக்கு. வேஷப் பொருத்தம் என்று ஊரே சிரிக்கும். ஆள் ஆஜானுபாகு, குரலோ இடி. ஆனால் வீட்டில் அந்த இரண்டு பேரும் அப்படி ஒரு ஒட்டு. புது முடிவைக் கேட்ட நாத்தனார் பித்தான் தைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார். அன்றைக்கே மனப்பாடம்.

வாத்தியார்தான் ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். "செத்த ராட்சசன் எழுந்து பேசுவானா? ஜனங்க சிரிப்பாங்க."

அது போனால் போகிறது. இன்றைக்கு இந்த நாடகத்தின் கடைசி ஆட்டம். காலையில் காப்பி குடித்தபடியே, வானிலை சொல்வது போலச் சொன்னார்: "அடுத்த நாடகத்துக்குச் சின்னப் பொண்ணு ஒருத்தியைப் பாத்து வெச்சிருக்கேன். உனக்கும் வயசாகுதில்ல, நீ இனிமே தையலைப் பாத்துக்க." இளவரசன் மட்டும் அவரேதான். வருஷா வருஷம் அவருடைய சட்டையைப் பிரித்துப் பிரித்து அகலப்படுத்துகிற அவளிடமே இதைச் சொன்னார். மேடையை விட்டால் அவளுக்கென்று வேறு என்ன இருக்கிறது? சாயங்காலம் வேஷம் கட்டிக்கொண்டு கோபுரம் ஏறினாள். ஏணியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அரங்கம் நிரம்பியிருந்தது. எல்லாம் வழக்கம்போல நடந்தது. வாத்தியார் துணிக்கிளியின் கழுத்தைத் திருகினார். நாத்தனார் மேடை அதிர விழுந்தார். அந்த அதிர்வில் கோபுரத்துக்கு மேலிருந்த பெரிய விளக்கு அணைந்து, மினுக்கி, மறுபடி எரிந்தது. "குதிரையைக் கட்டிவிட்டு வருகிறேன், இளவரசி!" என்று வசனம் பேசிவிட்டு வாத்தியார் ஏணி எடுக்க உள்ளே போனார்.

ஏணி இருந்தது. அதன் உச்சியில் விளக்குக்காரர் இருந்தார், அறுந்த வயரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

"எறங்குய்யா!"

"நான் கையை எடுத்தா மேடையே இருட்டாயிடும் வாத்தியாரே, பரவாயில்லையா?"

இன்னொரு ஏணி கிடையாது. ஒன்று போதும் என்று சொன்னவரும் வாத்தியாரேதான். வேறு வழியில்லாமல் வெறுங்கையோடு மேடைக்கு வந்தார். கோபுரத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பழக்க தோஷத்தில் அடுத்த வசனம் மட்டும் வாயிலிருந்து வந்துவிட்டது.

"இளவரசி! உன்னை மீட்டுவிட்டேன்!"

மேலே நிற்கிறவளைப் பார்த்துவிட்டு அரங்கம் கொல்லென்று சிரித்தது. "எங்கே மீட்டே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

கோபுரத்தம்மா பலகையின் விளிம்புக்கு வந்தாள். இப்படியே நின்றால் திரையை மூடிவிடுவார்கள், கதை முடிந்தது, காலையில் மெஷின். கீழே பார்த்தாள். செத்துக் கிடந்த ராட்சசன் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ செத்தது போதும்," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில். "எழுந்து வா. தோள் குடு."

நாத்தனார் எழுந்தார். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, இளவரசனை ஓரமாக நகர்த்திவிட்டு, கோபுரத்தின் கீழே வந்து நின்றார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அவள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, ராட்சசனின் தோளில் ஊன்றினாள். தோள் அசையவில்லை. ஒரு மூச்சில் தரைக்கு வந்துவிட்டாள்.

நாத்தனார் விடவில்லை. வெட்டிப் போட்ட வசனத்தை இடிக்குரலில் எடுத்தார். "என் உயிர் எங்கேன்னு தினம் கேட்டியே பொண்ணே! உன் உயிர் எங்கே?"

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. அவள் துணிக்கிளியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வாத்தியாரின் அட்டைக் கத்தியைப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த முகங்களைப் பார்த்தாள்.

"கிளிக்குள்ளே ஒளிச்சு வைக்க நான் ராட்சசனா? என் உயிர் என்கிட்டயேதான் இருக்கு. வெச்ச இடம் மறந்துபோயிருந்தேன், அவ்வளவுதான். இப்போ ஞாபகம் வந்துடுச்சு."

முதலில் ஒரு பெண் எழுந்தாள். மடியில் குழந்தையோடு இருந்தவள், குழந்தையைப் பக்கத்தில் இருந்த புருஷன் கையில் திணித்துவிட்டு எழுந்து தட்டினாள். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள். திரை மூடியும் கைதட்டல் ஓயவில்லை. திரைக்குப் பின்னால் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

அரங்க மேலாளர் ஓடி வந்தார். "நாளைக்கும் இதே நாடகம் உண்டான்னு கேட்டு வாசல்ல கூட்டம் நிக்குது. என்ன சொல்லட்டும்?"

அவர் வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, திரும்பி அவளைப் பார்த்தார். மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"உண்டுன்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

"அடுத்த நாடகத்துலயும் நீயே..." என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

"அதை நானும் அண்ணியும் பேசி முடிவு பண்ணிச் சொல்றோம்."

அவர் தொண்டையைச் செருமினார். "சரி... நாளைக்கு நான் ஏணியை எந்தப் பக்கமா கொண்டு வரணும்?"

அவள் அவருடைய மீசையைச் சரியாக ஒட்டிவிட்டாள். "ஏணி விளக்குக்காரர்கிட்டயே இருக்கட்டுங்க."